கைப்பைக்குள் ஒரு துப்பாக்கி

துப்பாக்கி என்றதும் நம்மில் பலருக்குத் திரைப்பட வில்லன்தான் நினைவுக்கு வருவான். சென்ற ஆண்டு வரை எனக்கும் அப்படித்தான். என் அறைத் தோழனுடைய அக்கா கான்பூரில் வழக்கறிஞர். ஒரு வழக்கை ஒட்டி மிரட்டல்கள் வரவே, உரிமம் பெற்றுத் துப்பாக்கிக் கடைக்குப் புறப்பட்டார். துணைக்கு நாங்கள் இருவரும் சென்றோம்.

கடைக்காரப் பெரியவர் முதலில் காட்டியது 'நிர்பீக்'. 2012 டெல்லிக் கொடுமைக்குப் பின், பெண்களை எண்ணிக் கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014-இல் கொண்டுவந்த .32 சுழல்துப்பாக்கி. எடை அரைக் கிலோ. வெளிவந்தபோது விலை ஏறத்தாழ 1,22,000 ரூபாய். (நம் விடுதிக் கட்டணத்தை நினைத்துக்கொண்டேன்!)

சிறியதுதானே, எளிதாக இருக்கும் என்று எண்ணினேன். குண்டில்லாத அதன் விசையை அக்கா இழுத்தார், விரல் நடுங்கியது. பெரியவர் சிரிக்கவில்லை. "எடை குறைந்தால் உதைப்பு மிகும், மகளே" என்று சொல்லி, அதே அளவுக் குண்டு போடும் பழைய வகையொன்றை எடுத்து வைத்தார். கனம்தான், ஆனால் கை நடுங்கவில்லை.

பொது இடத்தில் துப்பாக்கி முழுதும் மறைந்திருக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு விதி. அக்கா கைப்பையைத் திறந்தார். வழக்குக் கட்டு, சோற்றுப் பெட்டி, குடை, சீப்பு. "அவன் எதிரே வந்து நிற்கும்போது இதற்குள்ளா தேடுவேன்?" என்றார்.

"தேடி எடுத்தாலும், சுட மனம் வருமா?" என்று கேட்டார் பெரியவர்.

அக்கா விடை சொல்லவில்லை. அன்று ஒன்றும் வாங்கவுமில்லை. மறு வாரம் கனமானதையே வாங்கியதாகத் தோழன் சொன்னான். கைப்பையையும் மாற்றிவிட்டாராம்.