தலையணையோடு ஒரு பந்தி

பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தை நான் முதன்முதலாகப் படித்தது 2022 ஏப்ரல் 13-ஆம் தேதி இரவு. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெருங்காயம் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் மாவும் கோந்தும். எங்கள் வீட்டு டப்பாவில் இருந்தது கோதுமை மாவு. முப்பத்து நாலு வருஷமாக அதைத்தான் ரசத்தில் கலந்து குடித்துவந்திருக்கிறேன்.

"அம்மா, இதையும் வெளிய எடுக்கணும்."

"பெருங்காயத்தையா? அப்போ சாம்பாருக்கு?"

"சாம்பாரே கிடையாதும்மா."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில், வேற்று மதத்துப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது.

விஷயம் இதுதான். எங்கள் டீமோடு இரண்டு வருஷமாக வீடியோ காலில் மட்டும் வேலை பார்த்த இஸ்ரேல் தோழி ஒருத்தி, மார்ச் கடைசியில் வழக்கமான சர்வதேச விமானங்கள் திரும்ப ஓட ஆரம்பித்ததும் கிளம்பி வந்திருந்தாள். மாமல்லபுரத்தில் அறை எடுத்துத் தங்கி, பகலில் மகேந்திரா சிட்டிக்கு வந்து எங்களோடு வேலை. அது முடிந்ததும் கொச்சி. அவளுடைய பாட்டி எர்ணாகுளத்தில் பிறந்த யூதர். 1950-களில் கொச்சி யூதர்கள் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டபோது போனவர், நெகேவ் பாலைவனத்து நெவாதிம் குடியிருப்பில் விவசாயம் பார்த்தவர். பாட்டியிடமிருந்து தோழிக்குக் கிடைத்தவை நாலைந்து மலையாளச் சொற்களும் சில சமையல் குறிப்புகளும்தான்.

ரிலீஸ் தள்ளிப்போனதால் அவள் கொச்சிப் பயணமும் தள்ளிப்போனது. பாஸ்கா இரவு இங்கேயே வந்து மாட்டிக்கொண்டது. "ரூம்ல தனியா உட்கார்ந்து சாப்பிட்டுக்கலாமே" என்றேன். அந்தச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட முடியாது, கேள்வி கேட்க ஒரு குழந்தையாவது வேண்டும் என்றாள். எங்கள் வீட்டில் அக்கா மகள் இருந்தாள். ஏழு வயது. கேள்விக்குப் பஞ்சமே இல்லை.

அந்த இரவு விருந்துக்கு செடெர் என்று பெயர். ஹீப்ருவில் 'ஒழுங்கு, வரிசை' என்று பொருள். எகிப்தில் அடிமைகளாக இருந்து வெளியேறிய கதையை, சாப்பாட்டுத் தட்டில் இருக்கிற ஒவ்வொன்றையும் காட்டிக் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும். முதலில் வீட்டில் புளித்த மாவுப் பண்டம் எதுவும் இருக்கக் கூடாது. கோதுமை, பார்லி வகையைச் சேர்ந்த ஐந்து தானியங்கள் கணக்கு. மைதா, ரவை, சேமியா, பிஸ்கட், ஹார்லிக்ஸ் எல்லாம் அட்டைப்பெட்டியில் ஏறி பக்கத்து வீட்டுக்குப் போயின. கடைசியில் போனது பெருங்காயம்.

இட்லி மாவு தப்பித்தது. அரிசியும் உளுந்தும் அந்த ஐந்தில் இல்லை. ஐரோப்பிய யூதர்களில் பெரும்பாலோர் பாஸ்கா நாட்களில் அரிசியையும் தொடமாட்டார்கள். கொச்சி யூதர்களுக்கு அரிசி உண்டு. "சோறு இல்லன்னு சொல்லியிருந்தா நானே அவளை ஆட்டோ ஏத்தி அனுப்பியிருப்பேன்" என்றார் அப்பா.

அடுத்த சிக்கல் தேதி. எங்கள் வீட்டில் அப்பா அம்பேத்கர், அம்மா மாதா. ஹாலில் இரண்டு படமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அந்த வருஷம் ஏப்ரல் 14 அன்று சித்திரை ஒன்று, அம்பேத்கர் பிறந்தநாள், பெரிய வியாழன் மூன்றும் சேர்ந்து வந்தன. அந்த நாளைச் சமத்துவ நாளாகக் கொண்டாடுவோம் என்று தமிழக அரசு முந்தின நாள்தான் அறிவித்திருந்தது. செடெர் 15 இரவு. அதாவது பெரிய வெள்ளி.

"பெரிய வெள்ளியன்னைக்கு விருந்தா? ஆண்டவர் செத்த நாள்ல?"

அம்மா அன்றைக்குச் சாயங்காலம்வரை பச்சைத் தண்ணீர் மட்டும்தான். நான் வாதாடவில்லை. வியாழன் இரவு பாதம் கழுவும் பூசைக்குப் போய்விட்டு வந்து அவரே சொன்னார்: "இன்னைக்கு வாசகத்துல பாஸ்கா ராத்திரிதான் வந்துச்சு. ஆண்டவரும் யூதர்தானே, அதைத்தானே சாப்பிட்டிருப்பாரு. செய்யலாம். ஆனா கறி கூடாது. எனக்குக் கஞ்சி."

தட்டில் ஆட்டு எலும்பு ஒன்று இருந்தாக வேண்டுமே? சைவக்காரர்கள் அதற்குப் பதில் பீட்ரூட் வைப்பதுண்டு என்று தோழி சொன்னாள். பீட்ரூட் வைத்தோம்.

மீன் வாங்க வெள்ளி விடியற்காலை திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனேன். ஏப்ரல் 15-தான் கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் நாள். விசைப்படகுகள் போகாது, ஃபைபர் படகுகள் மட்டும் பக்கத்திலேயே போய்விட்டு வரும். பெரிய வெள்ளி வேறு. விலையைச் சொல்லவே வேண்டாம். யூதச் சட்டப்படி மீனுக்குத் துடுப்பும் செதிலும் இருக்க வேண்டும். இறால், நண்டு, கடம்பா, சுறா, திருக்கை எதுவும் ஆகாது.

"செதிலு இருக்கற மீனா பார்த்துக் குடுங்கக்கா."

"இன்னாப்பா, எல்லாரும் செதிலை எடுத்துக் குடுன்னுவாங்க. நீ செதில் வேணும்ங்கற. கொயம்புக்கா, வைத்தியத்துக்கா?"

ஒன்றரைக் கிலோவில் ஒரு கொடுவா கிடைத்தது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பதால் ஓய்வுநாளும் சேர்ந்துகொண்டது. சூரியன் மறைந்தபின் புதிதாக அடுப்பு பற்றவைக்கக் கூடாது. தோழி மற்ற நாட்களில் அப்படியொன்றும் ஆசாரம் பார்ப்பவள் இல்லை. இந்த ஒரு ராத்திரி மட்டும் பாட்டிக்காக. ஆக 6.20-க்குள் எல்லாம் இறங்கியாக வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோடை யாரும் தொடாதீர்கள் என்று ஆபீசில் கத்துகிற எனக்கு இது நன்றாகவே புரிந்தது. நேரப் பட்டியல் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினேன். முட்டை 3.00, பேரீச்சை 3.15, சோறு 5.00, குழம்பு 5.20. அம்மா அதைப் பார்க்காமலே, மூன்று மணி வழிபாட்டுக்குப் போகுமுன் பாதியை முடித்துவிட்டார்.

பேரீச்சை விழுதுக்கு ஹரோசெத் என்று பெயர். பாட்டியின் முறை: கொட்டை நீக்கிய அரைக் கிலோ பேரீச்சையைத் தண்ணீரில் ஊறவைத்து, குழைய வேகவிட்டு, வெள்ளைத் துணியில் கட்டிப் பிழிந்து, அந்தச் சாற்றைப் பாகுபோல் வற்றக் காய்ச்ச வேண்டும். மேலே பொடித்த அக்ரூட். ஒரு மணி நேரம் நின்று கிளறினேன். அந்த நிறமும் குழைவும் எகிப்தில் செங்கல் வைத்துக் கட்டிய சாந்தின் நினைவு.

கசப்புக்கு மாமல்லபுரத்தில் வெளிநாட்டவர் வாங்கும் கடையிலிருந்து லெட்டூஸ் கீரை கொண்டுவந்திருந்தாள். முந்தின நாள் பச்சடியில் போட்டது போக மிச்சமிருந்த வேப்பம்பூவை அம்மா நீட்டினார். கசப்புக் கீரைக்கென்று ஐந்து பெயர் கொண்ட பழைய பட்டியல் உண்டு, அதில் வேம்பு இல்லை. ஆனாலும் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, தட்டின் ஓரத்தில் அதையும் வைத்தாள். திராட்சை ரசத்துக்குப் பதில், மும்பைப் பக்கத்து பெனே இஸ்ரேல் யூதர்கள் செய்வதுபோல உலர்திராட்சையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த சாறு. ஆளுக்கு நாலு குவளை.

மட்ஸா மட்டும் அவள் பெட்டியில் வந்தது. மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிஷத்துக்குள் வெந்து வெளியே வந்துவிட வேண்டிய ரொட்டி. தப்பி ஓடியவர்களுக்கு மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. "சப்பாத்தி மாவையே நான் அரை மணி ஊறவைப்பேன். இவங்க ரொம்ப அவசரப்பட்டுட்டாங்க" என்றார் அம்மா.

ஏழு மணிக்கு உட்கார்ந்தோம். எட்டுப் பேர்: அப்பா, அம்மா, அக்கா, மாமா, பாப்பா, தோழி, அம்மாவோடு கோயிலிலிருந்து வந்த அத்தை ஒருவர், நான். மேசை போதாமல் ஹாலில் பாய் விரித்திருந்தோம். தோழி வீட்டிலிருந்த தலையணைகளையெல்லாம் கேட்டு வாங்கி ஆளுக்கொன்றாக இடது கைப்பக்கம் வைத்தாள். சாய்ந்துகொண்டு சாப்பிட வேண்டுமாம். அடிமைகள் அவசரமாகச் சாப்பிடுவார்கள். சுதந்திரமானவர்கள் சாய்ந்து சாப்பிடுவார்கள்.

பாப்பா உடனே படுத்தேவிட்டாள். அப்பா தலையணையைத் தொடவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என் அப்பா மின்வாரியத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எந்தச் சாப்பாடானாலும் ஐந்து நிமிஷத்தில் முடித்து எழுந்துவிடுவார். கல்யாணப் பந்தியில்கூட இலையில் பாயசம் விழுமுன் கை கழுவப் போய்விடுவார். அம்மா அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

உப்புத் தண்ணீரில் தொட்ட கொத்தமல்லித் தழையைச் சாப்பிட்டோம். அது கண்ணீர். பிறகு சின்னவள் கேட்க வேண்டும். எழுதி வைத்த கேள்விகள் உண்டு, ஆனால் உனக்குத் தோன்றுவதைக் கேள் என்றாள் தோழி. தாங்கள் அடிமைகளாக இருந்ததையும், தலைமுறைக்குத் தலைமுறை ஒவ்வொருவரும் தானே அங்கிருந்து வெளியேறி வந்ததாக நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சொன்னாள். நான் தமிழில் சொன்னேன்.

பாப்பா கேட்டாள்: "தாத்தா, நாமளும் அடிமையா இருந்தோமா?"

அக்கா, "சும்மா இரு" என்றாள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுக்கு அதுதான் எப்போதும் பதில். ஊரை விட்டு வந்ததே பிள்ளைகளுக்கு அது தெரியக் கூடாது என்பதற்காகத்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் படித்துத் தெரிந்தது. இந்தியாவில் அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரம் 1843-லேயே போய்விட்டது. 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பிலிருந்த ட்ரெமன்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்கள் கடனுக்குக் கட்டுண்டு கிடப்பதை அறிக்கையாக எழுதினார். அதைத் தொடர்ந்து பஞ்சமி நிலம் வந்தது. கைமாறிப்போன அந்த நிலத்தை மீட்கும் போராட்டத்தில், 1994-ல், இதே பகுதியின் காரணைக்காக நின்ற ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். இவ்வளவும் தெரியும். என் தாத்தா என்ன வேலை செய்தார் என்று மட்டும் நான் கேட்டதில்லை.

அப்பா ஹரோசெத் கிண்ணத்தை விரலால் கிளறினார்.

"சூளை மண்ணு மாதிரியே இருக்கு" என்றார். பிறகு பாப்பாவிடம், "இருந்தோம்" என்றார்.

"எங்க தாத்தா 300 ரூபா கடன் வாங்கினாரு. எதுக்குன்னு எங்கப்பாவுக்கே தெரியாது. அந்தக் கடனுக்கு எங்கப்பா படியாளு. நான் லீவுல சூளையில கல்லு அறுப்பேன். மழை பெஞ்சா அறுத்த கல்லு கரைஞ்சிடும். கரைஞ்ச கல்லுக்குக் கூலி கிடையாது. மாட்டுக் கொட்டா பக்கத்துல குழி தோண்டி, இலை வெச்சு, கூழ் ஊத்துவாங்க. குந்திக்கினு குடிக்கணும். சீக்கிரம் குடிக்கணும். இலை கிழிஞ்சிதுன்னா மண்ணு குடிச்சிடும்."

யாரும் பேசவில்லை. நாற்பது வருஷம் கூட வாழ்ந்த அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் எப்படித் தப்பிச்சீங்க? கடல் பிளந்துச்சா?"

அப்பா சிரித்துவிட்டார். "கடலா? பஸ்ஸு. திருக்கழுக்குன்றத்துல பஸ் ஏறி ஹாஸ்டலுக்குப் போயிட்டேன்."

1979-ல், முதல் சம்பளத்தில் அந்த 300 ரூபாயைத் தன் அப்பா கையில் கொடுத்து அடைக்கச் சொன்னாராம். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "1976 சட்டத்துலயே அந்த மாதிரிக் கடனெல்லாம் ரத்து ஆயிடுச்சேப்பா. குடுத்திருக்கவே வேணாமே."

"தெரியும்டா. ரேடியோவுல சொன்னாங்க. எங்கப்பாவுக்கு அந்த ஆளு திண்ணையில பணத்தை எண்ணி வெச்சிட்டு வரணும்னு இருந்துச்சு. வெச்சிட்டு வந்தாரு."

தோழிக்கு நான் மொழிபெயர்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஹரோசெத்தை மட்ஸாவில் தடவி முதலில் அப்பாவுக்குக் கொடுத்தாள்.

பெருங்காயம் இல்லாவிட்டாலும் கொடுவா குழம்பு நன்றாகவே இருந்தது. அம்மா கஞ்சியோடு ஒரு துண்டு மீன் எடுத்துக்கொண்டார். அப்பா அன்றைக்கும் ஐந்து நிமிஷத்தில் சாப்பிட்டு முடித்தார். ஆனால் எழவில்லை. "சாய்ஞ்சுக்கங்க தாத்தா" என்று பாப்பா தலையணையைத் தள்ளினாள். "பழக்கமில்ல கண்ணு" என்று அதையும் அவள் தலைக்கடியிலேயே வைத்தார். கடைசியில் எலியா தீர்க்கதரிசிக்காக வாசல் கதவைத் திறக்கச் சொன்னாள் தோழி. மறுநாள் சித்ரா பௌர்ணமி என்பதால் தெரு முழுக்க நிலா வெளிச்சம். அப்பா எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

செடெர் எங்களுடைய சடங்கு அல்ல. அதற்குப் பிறகு நாங்கள் அதைச் செய்யவும் இல்லை. பாப்பா மட்டும் எதையும் மறக்கவில்லை. அடுத்த வருஷம் ஏப்ரல் 14 அன்று மதியம், அம்பேத்கர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது, உள்ளே போய் ஒரு தலையணையை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டாள்.

"தாத்தா, 300 ரூபா கதை."

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். அன்றைக்கு அவர் சாப்பிட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.