சுப்ஹுக்குப் பின் சேர்ந்து நடப்போம்





உடல் நலம் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்துள்ள அமானிதம். அதைப் பேணும் வழிகளுள் செலவில்லாதது நடை. அதனினும் இனியது நான்கு பேரோடு சேர்ந்து நடப்பது. நடைக் குழு என்றதும் அது பட்டணத்து வழக்கம், ஓய்வு பெற்றோரின் பொழுதுபோக்கு, நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நம் சகோதரர் சிலர் கேட்கின்றனர். தொடர்பு உண்டு என்பதே இக்கட்டுரையின் சாரம்.

நம்மில் பலருடைய பிழைப்பு உட்கார்ந்தே நடப்பது. ஓதிக் கொடுப்பவர், கடையில் அமர்ந்திருப்பவர், தையல் எந்திரத்தின் முன் குனிந்திருப்பவர் என எல்லோரும் ஒரே நிலையில்தான் இருக்கிறோம். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து, 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. எங்களுடன் ஓதிய ஆலிம் ஒருவர் நாற்பத்தாறு வயதில் மாரடைப்பால் மவுத்தானார். ஆயுள் அல்லாஹ்வின் கையில் உள்ளது, அதில் ஐயமில்லை. எனினும் அன்று சந்தூக்குக்குத் தோள் கொடுக்க முன்வந்து, உயரம் எட்டாமல் பக்கத்தில் கைவைத்தபடியே நடந்த அவருடைய இளைய மகனை எங்களால் மறக்க இயலவில்லை. உடல் நலம் என்பது நம் ஒருவருடைய விஷயம் மட்டுமன்று என்பதை அந்தச் சிறுவன் சொல்லாமல் சொன்னான்.

நபி (ஸல்) அவர்கள் சனிக்கிழமைதோறும் குபா பள்ளிக்குச் சில வேளை நடந்தும் சில வேளை வாகனத்திலும் சென்று வந்தார்கள் என்பது புகாரியில் பதிவான செய்தி. மஸ்ஜிதுந் நபவீயிலிருந்து குபா 3 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு. ஒரு பயணத்தில் தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபியவர்கள் ஓட்டப் பந்தயம் வைத்ததும் ஹதீஸில் வந்துள்ளது. முதலில் அன்னையார் முந்தினார்கள். பின்னொரு முறை நபியவர்கள் முந்தினார்கள். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை நடந்தால் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் ஆகிறது. ஹஜ்ஜுக்கு நிய்யத் வைத்திருப்போர், கால்களை இப்போதே பழக்குவது நன்று.

தமிழக அரசு 2023 நவம்பர் 4 அன்று ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்தது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கு மக்கள் கூடி நடப்பதும், நலவாழ்வுத் துறையினர் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதும் அத்திட்டத்தின் பகுதிகள். நம் அரியலூரும் பெரம்பலூரும் அந்த 38-இல் அடங்கும். ஆயினும் ஏலாக்குறிச்சி போன்ற ஊரில் இருப்போர் நடப்பதற்காக மாவட்டத் தலைநகர் வரை போக வேண்டியதில்லை. சுப்ஹு தொழுதுவிட்டுத் தெருவில் இறங்கினால் போதும்.

எங்கள் ஊர் கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் உள்ளது. வீரமாமுனிவர் வாழ்ந்து பணியாற்றிய அடைக்கல மாதா திருத்தலத்தால் உலகறிந்த ஊர். எங்களுடன் நடப்பவர்களில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அந்தக் கோயிலுக்குச் செல்பவர். மற்றொருவர் நெல் விவசாயி. இன்னொருவர் தேநீர்க் கடைக்காரர். எவரும் சந்தா கட்டவில்லை. பெயர்ப் பலகையும் இல்லை. தொழுகை முடிந்ததும் புறப்பட்டு, மக்தப் பிள்ளைகள் வருமுன் திரும்பிவிடுவோம். பயிர், பிள்ளைகளின் படிப்பு, மழை என்று பேச்சு போகும். ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால், “என்ன பாய், ரெண்டு நாளா ஆளையே காணோம்? உடம்புக்கு ஏதும் முடியலையா?” என்று கேட்டுக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்து நிற்பார்கள்.

ஒரு நள்ளிரவில் எங்கள் வீட்டில் மூச்சுத் திணறலால் அவதிப்பட்டபோது, முதலில் நினைவுக்கு வந்த எண் அந்த ஆசிரியருடையது. கால் மணி நேரத்தில் காருடன் வந்து, அரியலூர் வரை தாமே ஓட்டி, விடியும்வரை மருத்துவமனைத் திண்ணையில் அமர்ந்திருந்தார். பல ஆண்டுகளாக ஒரே ஊரில் வாழ்ந்தும் “நல்லா இருக்கீங்களா சார்” என்பதற்கு மேல் அவருடன் பேச வாய்ப்பில்லாதிருந்தது. சேர்ந்து நடந்த சில மாதங்கள் அந்த வாய்ப்பைத் தந்தன. அண்டை வீட்டாரின் உரிமையை மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதைப் பாடமாகச் சொல்லித் தருகிறோம். அவரோடு பழகுவதற்கு ஒரு பாதை வேண்டாமா? நம் குடும்பங்கள் குறைவாக உள்ள ஊர்களில் இது இன்னும் தேவை.

சகோதரர்கள் கேட்கும் சில கேள்விகளுக்கும் இங்கே பதில் சொல்வோம்.

நேரம் ஏது? பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பேனும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளுக்கு 30 நிமிடம் வீதம் ஐந்து நாள் நடந்தால் அது நிறைந்துவிடும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாதபடி மூச்சு வாங்க வேண்டும். அதுவே மிதமான வேகம். 10,000 அடி என்ற எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. அதை எட்டவில்லையே என்று எவரும் சோர வேண்டாம்.

பெண்கள் என்ன செய்வது? அவர்களுக்கும் அதே உடல், அதே நோய். அஸருக்குப் பின் அண்டை வீட்டுப் பெண்கள் நால்வர் சேர்ந்து, பேணுதலான உடையில், ஆள் நடமாட்டமுள்ள பாதுகாப்பான பாதையில் நடக்கலாம். அதற்கு அரை மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது கணவன்மார் செய்யும் நல்லுதவி.

சர்க்கரை நோயாளிகள் நடக்கலாமா? மருத்துவரைக் கேட்டுவிட்டு நடக்கலாம். ஊசியோ மாத்திரையோ எடுப்பவர் சட்டைப் பையில் இனிப்பு மிட்டாய் வைத்திருக்க வேண்டும். காலுக்குப் பொருந்தும் காலணி அணிந்து, வீடு திரும்பியதும் பாதங்களில் புண் உண்டா என்று பார்க்க வேண்டும். நெஞ்சில் வலியோ தலைசுற்றலோ தோன்றினால் உடனே நின்றுவிட வேண்டும். தனியே நடப்பவருக்கு இவ்வேளையில் யார் துணை? கூட்டமாக நடப்பதன் பயன் இங்கும் தெரிகிறது.

நடையிலும் ஒழுக்கம் உண்டு. பூமியில் பெருமையுடன் நடக்க வேண்டாம் என்று குர்ஆன் தடுக்கிறது. பணிவோடு நடப்போரைப் புகழ்கிறது. எனவே வேகத்தில் முந்தியவர் பின்தங்கியவரை ஏளனம் செய்யலாகாது. இல்லாதவரைப் பற்றிப் புறம் பேசலாகாது. வழியில் கிடக்கும் முள்ளையும் கண்ணாடித் துண்டையும் அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்றாயிற்றே. அதையும் செய்துகொண்டே போகலாம்.

நாளை சுப்ஹு முடிந்ததும், பள்ளி வாசலில் செருப்பு மாட்டும் ஒருவரை “வாங்க, கொஞ்ச தூரம் நடப்போம்” என்று அழையுங்கள். வழியில் எதிர்ப்படும் அண்டை வீட்டாரையும் அழையுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் உடலுக்கு ஆரோக்கியத்தையும், நம் ஊர்களுக்கு ஒற்றுமையையும், நம் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் நீண்ட துணையையும் தந்தருள்வானாக! ஆமீன்.