விளம்பரம் இருக்கிறதா, சார்?

இந்த வாரம் ஒரு பார்சல் அனுப்பப் போன இடத்தில், எழுபது வருஷத்துக்கு முந்தைய சட்டைக்காக வாதாடிவிட்டு வந்தேன்.

சிகாகோவில் துணி வடிவமைப்பு படிக்கும் அக்கா மகள், பழைய ஃபேஷன் பத்திரிகை விளம்பரங்கள் சிலவற்றைக் கேட்டிருந்தாள். என்னிடம் இருந்ததில் 1950, 60களின் பக்கங்களாகப் பொறுக்கி, ஓரம் மடங்காமல் இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டினேன். புத்தகங்களுக்கென்று இங்கே அமெரிக்காவில் ஒரு மலிவுக் கட்டணம் உண்டு. அதில் அனுப்பலாமென்று எங்கள் ஊர்த் தபால் நிலையத்தில் நீட்டினேன்.

“உள்ளே என்ன?” என்றார் கவுன்டரில் இருந்த அம்மாள்.

“பழைய பத்திரிகைப் பக்கங்கள்.”

“விளம்பரம் இருக்கிறதா, சார்?”

“விளம்பரம் மட்டும்தான் இருக்கிறது.”

பார்சல் தராசிலிருந்து இறங்கிவிட்டது. விளம்பரம் இருந்தால் மலிவுக் கட்டணம் கிடையாதாம். “இந்தச் சட்டையைத் தைத்த மெய்ன் மாநிலத்துத் தொழிற்சாலையை 2002-லேயே மூடிவிட்டார்கள். இதைப் பார்த்து இனி யார் எதை வாங்க முடியும்?” என்று கேட்டேன். “அதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை, சார்” என்றார். தென் மாநிலத்துக்காரர்களிடம் ஒரு சௌகரியம், மறுக்கும்போதும் சார் போடுவார்கள்.

அந்த விதியைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என் கோபம் இன்னும் ஆறவில்லை.

அதற்கு ‘மீடியா மெயில்’ என்று பெயர். 1938-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், புத்தகங்கள் எவ்வளவு தூரம் போனாலும் பவுண்டுக்கு ஒன்றரை சென்ட் என்று ஒரு கட்டணம் கொண்டுவந்தார். அதன் வழிவந்ததுதான் இது. புத்தகம் போகலாம், ஆனால் அச்சிட்ட பக்கம் குறைந்தது எட்டாவது இருக்க வேண்டும். இசைத்தட்டு போகலாம். நாடகப் பிரதி, கையெழுத்துப் பிரதி, இசைக்குறிப்பு, திரைப்படச் சுருள் எல்லாம் போகலாம். எழுபது பவுண்டு எடை வரை ஏற்பார்கள். சந்தேகம் வந்தால் உறையைப் பிரித்துப் பார்க்கவும் தபால்காரர்களுக்கு உரிமை உண்டு. விளம்பரம் மட்டும் கூடாது. புத்தகத்தின் கடைசியில் வேறு புத்தகங்களைப் பற்றிய அறிவிப்பு இருந்தால் மன்னிப்பார்கள், சட்டைக்கும் செருப்புக்கும் மன்னிப்பு இல்லை. அதனால் விளம்பரம் உள்ள பத்திரிகை எதுவுமே இந்தக் கட்டணத்தில் போக முடியாது. விளம்பரம் எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை.

இந்த ஊர்த் தபாலுக்கு விளம்பரத்தின் மேல் இருக்கும் கண் பழையது. முதல் உலகப் போர்ச் செலவுக்காக 1917-ல் போட்ட வரிச் சட்டத்திலேயே, ஒரு பத்திரிகையில் படிக்கும் பகுதிக்கு ஒரு கட்டணம், விளம்பரப் பகுதிக்குத் தூரத்தைப் பொறுத்து வேறு கட்டணம் என்று பிரித்துவிட்டார்கள். இதழில் எத்தனை சதவீதம் விளம்பரம் என்று பதிப்பாளர் கணக்குக் காட்ட வேண்டும். அப்படிக் கட்டினாலும் பத்திரிகைகளுக்கான சலுகைக் கட்டணம் அது. ஆக, விளம்பரம் உயிரோடு இருந்து சட்டை விற்றுக்கொண்டிருந்த காலத்தில் சலுகையில் பயணம் செய்த அதே பக்கம், கம்பெனியே மறைந்த பிறகு முழுக் கட்டணம் கட்டிப் போகிறது. நம் ஊரில் வாரப் பத்திரிகைகள் சில காசுத் தபால் தலையோடு, பல்பொடியும் தைலமும் உள்ளேயே இருக்க, கிராமம் கிராமமாக வந்து சேர்ந்தன. ‘இதில் விளம்பரம் எத்தனை?’ என்று எங்கள் தபால்காரர் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் கவலையெல்லாம் தொடர்கதையைத் தான் படித்து முடிக்கும் முன் எங்கள் வீடு வந்துவிடக் கூடாது என்பதுதான்.

இந்தப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்பீர்கள். எங்கள் மாநிலத்து ராலே நகரத்தில், மாநிலக் கண்காட்சித் திடலில் வார இறுதிகளில் பழம்பொருள் சந்தை கூடும். அங்கே பத்திரிகைகளைப் பெட்டி பெட்டியாகப் பரப்பியிருப்பார்கள். முழு இதழாகவும் வாங்கலாம், கிழித்த தனிப் பக்கமாகவும் வாங்கலாம். கிழித்த பக்கங்களை மைலார் உறையில் போட்டு, பின்னால் அமிலம் சேராத அட்டை வைத்து விற்பார்கள். ஒரு முழு இதழின் விலைக்கு மூன்று பக்கம் வந்தால் பெரிது. வியாபாரிக்குக் கணக்கு நன்றாகத் தெரியும்: இதழைக் கிழித்தால்தான் லாபம். அதனால் நல்ல நிலையில் இருக்கும் பழைய வோக், ஹார்ப்பர்ஸ் பஜார் இதழ்கள் கண்முன்னே பக்கங்களாகிக்கொண்டிருக்கின்றன.

சேர்ப்பவர்கள் முதலில் பார்ப்பது தாளைத்தான். பளபளப்புப் பூசிய பத்திரிகைத் தாள் வெயில் படாமல் இருந்தால் நிறம் நிற்கும். செய்தித்தாள் அப்படியல்ல, சீக்கிரமே பழுத்து, தொட்டால் நொறுங்கும். ஆன்டி வார்ஹால் பெரிய ஓவியராவதற்கு முன், 1955 வாக்கில், ஐ. மில்லர் செருப்புக் கடைக்காக நியூயார்க் டைம்ஸில் வரைந்த விளம்பரங்கள் செய்தித்தாளில் வந்தவை. அசல் தாளாக அவை அகப்படுவது கடினம். அடுத்த சிக்கல் பின்பக்கம். பல விளம்பரங்களுக்கு முதுகில் இன்னொரு விளம்பரம் இருக்கும். முன்னால் ஒரு நல்ல கோட்டு, பின்னால் அதைவிட நல்ல தொப்பி. சட்டம் போட்டு மாட்டினால் ஒன்று சுவரைப் பார்த்தபடி காலம் தள்ள வேண்டியதுதான்.

விளம்பரங்களும் சாமான்யமானவை இல்லை. மெய்டன்ஃபார்ம் உள்ளாடை விளம்பரங்களில் 1949 முதல் இருபது வருஷம் பெண்கள் கனவு கண்டுகொண்டே இருந்தார்கள்: கடைக்குப் போனதாக, தேர்தலில் ஜெயித்ததாக, எல்லாம் அந்த உள்ளாடையோடு. 1951-ல் நியூயார்க்கர் இதழில் ஹாத்தவே சட்டை விளம்பரம் வந்தது. ஒற்றைக் கண்ணைக் கறுப்புத் துணியால் மறைத்துக்கொண்டு நின்றார் ஜார்ஜ் ராங்கெல் என்ற ரஷ்யப் பிரபு. அவருக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. விளம்பரம் எழுதிய டேவிட் ஓகில்வி கண்மறைப்பைக் கடையில் வாங்கி மாட்டிவிட்டார். யார் இவர், கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று யோசித்தவர்கள் சட்டையைப் பார்த்துவிட்டார்கள். நான் கவுன்டரில் வாதாடியது இந்தச் சட்டைக்காகத்தான்.

ஆனால் அக்கா மகள் கேட்டது ரஷ்யப் பிரபுவை இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ‘மெட்ராஸ்’.

1960களின் அமெரிக்கப் பத்திரிகைகளைப் புரட்டினால் நம் ஊர்ப் பெயர் அடிக்கடி கண்ணில் படும். கட்டம் போட்ட கைத்தறிப் பருத்திச் சட்டை, அரைக்கால் சட்டை, பெண்களுக்குக் கவுன், எல்லாவற்றுக்கும் மெட்ராஸ் என்றே பெயர். நம் தாத்தாக்கள் லுங்கியாகக் கட்டிய கட்டத்தைக் கல்லூரிப் பையன்கள் சட்டையாகப் போட்டுக்கொண்டு, பணக்காரக் கடற்கரைகளில் நின்று சிரிப்பார்கள். அதன் கதையைக் கேப்டன் கிருஷ்ணன் நாயர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய அதே கண்ணூர்க்காரர், அதற்கு முன் துணி ஏற்றுமதி செய்தவர். 1958-ல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வியாபாரி அவரிடம் மெட்ராஸ் துணி வாங்கினார். தாவரச் சாயம், குளிர்ந்த நீரில் தனியாக அலசுங்கள் என்று நாயர் எச்சரித்து அனுப்பினார். அந்த எச்சரிக்கை ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைவரை போய்ச் சேரவில்லை. வாங்கியவர்கள் துவைக்கும் இயந்திரத்தில் போட்டார்கள், சாயம் ஒழுகியது, வழக்கறிஞர்கள் வந்தார்கள். பிறகு செவன்டீன் இதழ் நாயரைப் பேட்டி கண்டு, துவைக்கத் துவைக்க நிறம் கலந்து புதிதாகும் அதிசயத் துணி என்று எழுதியது. அதன்பின் ‘சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்’ என்றே விளம்பரம் செய்தார்கள். கேட்டு வாங்கினார்கள்!

என் அம்மா புதுத்துணி வாங்கியதும் முந்தானை ஓரத்தை ஈரக் கைக்குட்டையில் தேய்த்துப் பார்ப்பாள். கொஞ்சம் ஒட்டினாலும் கடைக்காரர் பாடு திண்டாட்டம். ‘சாயம் போனால் துணி வாபஸ்’ என்று நம் கடைகளில் எழுதி வைத்திருந்த காலத்தில், அதே சாயம் போவதற்கு இங்கே கூடுதல் விலை கொடுத்தார்கள் என்பதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, பெருமையும் வருகிறது. அக்கா மகளுக்கு இரண்டும் வரவில்லை. முன்பு அனுப்பிய பக்கங்களைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில், “மாமா, கடை பேரு இருக்கு, தைச்ச கம்பெனி பேரு இருக்கு, போட்டோ எடுத்தவர் பேருகூட இருக்கு. நெஞ்சவங்க எந்த ஊர்னுகூட ஒருத்தரும் போடலையே” என்றாள். நானும் தேடிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

அதை நம் ஊர்ப் பத்திரிகைகளிலாவது தேடலாமென்றால் அங்கேதான் இடிக்கிறது. கல்கி, விகடன் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்து, சேர்த்து, பைண்டு செய்யாத வீடு அந்தக் காலத்தில் எது? அம்மாவும் செய்தாள். ஓவியர் மணியம் வரைந்த படம் இருக்கும் பக்கம் பத்திரமாக இருக்கும். ஒரு பக்கம் முழுக்க விளம்பரமாக வந்தால் அதை எடுத்துவிடுவாள், தடிமன் குறையுமென்று. தீபாவளி மலரில் பட்டுப்புடவைக் கடைகளின் வண்ணப் பக்கங்கள் எவ்வளவு வந்திருக்கும்! அவையெல்லாம் பழைய பேப்பர்க்காரர் தராசில் ஏறி, மளிகைக் கடையில் பொட்டலமாயின. நாம் கதையை வைத்துக்கொண்டு விளம்பரத்தை எறிந்தோம். இவர்கள் கதையை எறிந்துவிட்டு விளம்பரத்தை உறையில் போட்டு விற்கிறார்கள்.

விற்பதோடு விடவும் இல்லை. எங்கள் பக்கத்து ஊரான டர்ஹாமில் டியூக் பல்கலைக்கழகம் இருக்கிறது. விளம்பர வரலாற்றுக்கென்றே அங்கே ஒரு மையம். 1911 முதல் 1955 வரையிலான 7,000-க்கு மேற்பட்ட பத்திரிகை விளம்பரங்களை யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். சோப்பு விளம்பரத்துக்கு அட்டவணை எண்!

நம்மிடமும் ஒருவர் இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். புத்தகம், பத்திரிகையோடு நிற்காமல் துண்டு நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதையும் சேர்த்தார். சுமார் ஒரு லட்சம் உருப்படிகள். 1992-ல் அவர் மறைந்த பிறகு, அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994-ல் சென்னையிலேயே நூலகமாக்க முன்வந்தது சிகாகோ பல்கலைக்கழகம். பல்கலைக்கழகங்கள் செய்வதைத் தனி மனிதர் ஒருவர் செட்டிநாட்டு வீட்டில் உட்கார்ந்து செய்தார் என்று இங்கே யாரிடமும் மார்தட்டிச் சொல்வேன். வாங்க ஆள் கடல் தாண்டி வர வேண்டியிருந்ததை மட்டும் சொல்வதில்லை.

அதனால் ஊரில் இருக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். பரண்மேல் பழைய தீபாவளி மலர் கிடந்தால் எடைக்குப் போடும் முன் புடவை விளம்பரங்களைப் புரட்டுங்கள். அதில் விலை இருக்கும், கடை இருந்த தெரு இருக்கும், எந்த ஊர்த் தறி என்பதும் சிலசமயம் இருக்கும். அதைக் கிழிக்காமல் முழு மலராக ஒரு நூலகத்தில் கொடுங்கள். அம்மா பைண்டு செய்த தொடர்கதைகள் எத்தனையோ பதிப்புகள் கண்டு, இன்றும் கடையில் கிடைக்கின்றன. அவள் எடுத்துப் போட்ட விளம்பரங்களுக்கு இரண்டாம் பதிப்பு கிடையாது.