என்ன சாஃப்ட்வேர் போடலாம், தாத்தா?

புதுசாக கேமரா வாங்கிய பையனும், வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கும் பெண்ணும் என்னிடம் வந்து கேட்பது ஒரே கேள்விதான். “படத்தைச் சரிபண்ண எந்த சாஃப்ட்வேர் நல்லது, தாத்தா?” நான் திருப்பிக் கேட்பேன்: “படம் கடைசியில் எங்கே போய்ச் சேரப்போகிறது? வாட்ஸ்அப்புக்கா, லேபுக்கா, கல்யாண ஆல்பத்துக்கா?” பாதிப் பேர் முழிப்பார்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் சாஃப்ட்வேர் தேடாதீர்கள் என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஃபிலிம் காலத்தில் டச்சிங் என்று ஒரு வேலை இருந்தது. நெகட்டிவை வெளிச்சப் பலகையில் வைத்து, கூராகச் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பின் மேல் புள்ளி புள்ளியாக வைப்போம். பென்சில் பட்ட இடம் நெகட்டிவில் கருக்கும், பிரிண்டில் வெளுக்கும். கொஞ்சம் கூடிப்போனால் வீட்டுக்காரர்களே “இது யார்?” என்று கேட்பார்கள். 1990இல் நோல் சகோதரர்களின் ஃபோட்டோஷாப் வந்த பிறகு அதே வேலை மவுஸுக்கு மாறியது. எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் இன்றுவரை எந்த சாஃப்ட்வேரும் சொல்லித் தரவில்லை.

சாஃப்ட்வேரில் அடிப்படையாக இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, ஒரு படத்தை லேயர் லேயராகப் பிரித்துப் போட்டு வேலை செய்வது: ஃபோட்டோஷாப், ஜிம்ப், அஃபினிட்டி, பிரௌசரிலேயே ஓடும் ஃபோட்டோபீ. பின்னணியை வெட்டுவது, இரண்டு படத்தை ஒட்டுவது, ஆல்பம் டிசைன் செய்வது எல்லாம் இங்கே. இன்னொன்று, நூறு படத்தை ஒரே மூச்சில் வரிசைப்படுத்தி, வெளிச்சமும் நிறமும் திருத்துவது: லைட்ரூம், டார்க்டேபிள், ராதெரப்பி. சிறு வியாபாரிக்குப் பெரும்பாலும் வேண்டியது இரண்டாவது. ஆனால் எல்லோரும் பேர் தெரிந்த ஃபோட்டோஷாப்பைப் போட்டுவிட்டு ஒவ்வொரு படமாகத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

சேலைக்கார அம்மாவின் பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். அரக்கு நிறச் சேலை போனில் சிவப்பாகத் தெரிகிறது. வாங்கியவர் “நிறம் வேற” என்று திருப்பி அனுப்புகிறார். ஃபில்டர் போட்டால் இன்னும் கெட்டுவிடும். செய்யவேண்டியது இதுதான். டியூப் லைட்டை அணைத்து, ஜன்னல் வெளிச்சம் ஒன்றில் மட்டும் எடுங்கள். முதல் படத்தில் சேலையின் மேல் ஒரு சாம்பல் நிற அட்டையை வையுங்கள். கேமரா கடையில் கிரே கார்டு என்று கேட்டால் கிடைக்கும். ரா ஃபைலாக எடுங்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான்; 14 பிட் ராவில் 16,384. திருத்த இடம் இருக்கும். டார்க்டேபிளிலோ லைட்ரூமிலோ ஒயிட் பேலன்ஸுக்கான பிக்கரை எடுத்து அந்த அட்டையின் மேல் வைத்தால் நிறம் நேராகும். அந்தத் திருத்தத்தைக் காப்பி செய்து, அதே வெளிச்சத்தில் எடுத்த மற்ற எல்லாச் சேலைக்கும் ஒட்டிவிடலாம். டார்க்டேபிள் இலவசம். பழகக் கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதான்.

பிரிண்ட் போடுகிறவர்கள் திரை வெளிச்சத்தையும் கவனியுங்கள். மானிட்டரை முழு வெளிச்சத்தில் வைத்துத் திருத்தினால் பிரிண்ட் இருட்டடித்துத்தான் வரும். 12க்கு 36 இஞ்ச் ஆல்பம் விரிப்புக்கு 300 டிபிஐயில் 10,800 பிக்சல் அகலம் வேண்டும். பழைய கம்ப்யூட்டர் அதிலேயே திணறிவிடும். அங்கே மாற்றவேண்டியது சாஃப்ட்வேரை அல்ல, ரேமை.

தமிழில் விலை, கடைப் பெயர் போடுகிறவர்கள் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். யூனிகோட் எழுத்தில் ‘கொலு’ என்றும் ‘ஸ்ரீ’ என்றும் தட்டிப் பாருங்கள். கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் நின்றால் அந்த சாஃப்ட்வேர் உங்கள் கடைக்கு உதவாது. பழைய ஃபோட்டோஷாப்பில் இந்தத் தொல்லைக்காகத்தான் யூனிகோட் அல்லாத பாமினி மாதிரி எழுத்துகளோடு மல்லுக்கட்டினார்கள். இப்போதைய பதிப்பில் சரியாக வரும். ஜிம்ப்பில் முதலிலேயே ஒழுங்காக வரும்.

ஊட்டியில் 1960இல் ஆரம்பித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியின் ‘இந்து’ பேப்பர் என்றைக்கும் கிடைக்கும் என்று நம்பிய தலைமுறை நாங்கள். அந்தத் தொழிற்சாலை மூடிவிட்டது. கோடக்கே 2012இல் திவால் மனு போட்டது. சாஃப்ட்வேர் உலகமும் அப்படித்தான். ஆப்பிளின் அப்பர்ச்சர் 2015இல் போனது, கூகுளின் பிக்காசா 2016இல் போனது. காசு கொடுத்து வாங்கவேண்டியிருந்த அஃபினிட்டியை 2024இல் கான்வா வாங்கியது, 2025இல் இலவசமாக்கிவிட்டது. நாளைக்கு என்ன செய்வார்களோ. ஃபோட்டோஷாப்பையும் லைட்ரூமையும் செய்யும் அடோபி 2013இல் சந்தா முறைக்கு மாறியது. சந்தா நின்றால் லைட்ரூம் கிளாசிக்கில் படத்தைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம், திருத்த முடியாது. ஆகவே ஒரு வேலை முடிந்தவுடன் ஒரிஜினலையும், திருத்தி முடித்த ஜேபெக்கையோ டிஃப்பையோ தனி ஹார்டு டிஸ்கில் போட்டுவிடுங்கள். சாஃப்ட்வேரின் உள்ளே மட்டும் இருக்கும் திருத்தம் உங்களுடையது அல்ல.

காசு கொடுக்காமல் பூட்டை உடைத்துப் போடும் கிராக் சாஃப்ட்வேர் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர் ஸ்டுடியோக்களில் இது சாதாரணம் என்று எனக்கும் தெரியும். பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, தெரிந்தே திருட்டு நகலைப் பயன்படுத்தினால் 7 நாளில் தொடங்கி 3 ஆண்டுவரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதமும் என்கிறது. லாபத்துக்காக இல்லையென்றால் நீதிமன்றம் சிறையை விட்டுவிடலாம். கடை வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. சட்டத்தை விடுங்கள், கிராக்கோடு உள்ளே வரும் ரேன்சம்வேர் ஒரு கல்யாணத்தின் மொத்தப் படத்தையும் பூட்டிவிட்டால் பெண் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

என் கணக்கு இது. பொழுதுபோக்குக்குப் பறவையும் பிள்ளையும் எடுக்கிறவருக்கு போனில் ஸ்னாப்சீட், கம்ப்யூட்டரில் டார்க்டேபிள் போதும். ஒரு பைசா செலவழிக்க வேண்டாம். ஆன்லைனில் பொருள் விற்பவர் டார்க்டேபிளோடு ஜிம்ப்பையும் சேர்த்துக்கொள்ளட்டும். கல்யாண ஆர்டர் எடுத்து, லேபுக்கும் டிசைனருக்கும் ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலாக அனுப்புகிறவர் மட்டும் அடோபிக்குச் சந்தா கட்டட்டும். அதையும் கரன்ட் பில் மாதிரி செலவில் எழுதி, ஆர்டர் விலையில் சேர்த்துவிட வேண்டும். ஐந்து வருஷத்துக்கு 60 தவணை என்று முதலிலேயே பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கம்ப்யூட்டரில் இன்னும் கிராக் வைத்திருக்கிறவர்கள் இந்த வாரமே படங்களை வேறு டிஸ்கில் நகலெடுத்துவிட்டு அந்தக் கிராக்கைத் தூக்கிப் போடுங்கள்.