தோமா மாதிரி

சாந்தோம் பக்கம் வளர்ந்த கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு அப்போஸ்தலர் தோமா கிட்டத்தட்ட உள்ளூர்க்காரர். கி.பி. 52-இல் கேரளக் கரையில் இறங்கி, 72-இல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்பது மரபு. அவர் கல்லறை என்று நம்பப்படும் இடத்தின் மேல்தான் சாந்தோம் பேராலயம் நிற்கிறது. ஆனாலும் ஞாயிறு வகுப்பில் அவருக்கு நல்ல பெயர் கிடையாது. பேதுரு மாதிரி இரு, பவுல் மாதிரி இரு, தோமா மாதிரி மட்டும் சந்தேகப்படாதே என்பார்கள்.

அந்த அறிவுரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2021 பிப்ரவரியில் பார்த்தோம்.

ரவி சக்கரியாஸ் 1946-இல் சென்னையில் பிறந்தவர். டெல்லியில் வளர்ந்து, இளைஞராகக் கனடா போய், 1984-இல் தன் பெயரிலேயே ஓர் ஊழிய நிறுவனத்தைத் தொடங்கினார். படித்தவர்களின் கேள்விகளுக்கு அசராமல் பதில் சொல்கிறவர் என்று உலகம் முழுக்கப் பெயர். நம்ம ஊரில் பிறந்தவர் ஹார்வர்டில் போய்ப் பேசுகிறார். இன்ஜினியரிங் படிக்கும் கிறிஸ்தவப் பையனுக்கு வேறென்ன வேண்டும்?

2020 மே மாதம் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு, அவருடைய நிறுவனமே அமர்த்திய சட்ட நிறுவனத்தின் அறிக்கை வந்தது. மசாஜ் செய்யும் பெண்கள் பலரிடம் ஆண்டுக்கணக்காகப் பாலியல் அத்துமீறல். அதைவிட என்னை உறுத்தியது 2017-இல் நடந்தது. ஒரு கனடியப் பெண் அப்போதே புகார் சொல்லியிருந்தார். சக்கரியாஸ் அவர் மீதே வழக்குப் போட்டார். வெளியே பேசக்கூடாது என்ற ஒப்பந்தத்தோடு அது முடிந்தது. நிறுவனம் அந்தப் பெண்ணை நம்பவில்லை, அவரை நம்பியது. உலகத்துக் கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவரிடம், அவரைப் பற்றிய கேள்வியை அழுத்திக் கேட்கும் துணிவு அங்கே இல்லை.

இந்த மாதிரி செய்தி வந்தால் சபையில் உடனே ஒன்று சொல்வார்கள்: மனுஷனைப் பார்க்காதே, இயேசுவை மட்டும் பார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பவுலே தன்னைப் பின்பற்றச் சொன்னவர்தான், தான் கிறிஸ்துவைப் பின்பற்றுவதுபோல என்ற கணக்கோடு. கண்ணால் பார்க்க ஒரு மனிதர் நமக்குத் தேவைப்படுகிறார். யாரை, எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி.

வேதாகமம் தன் நாயகர்களின் கறையை மறைப்பதில்லை. பேதுரு மறுதலித்ததை நான்கு சுவிசேஷங்களும் சொல்கின்றன. அதே பேதுருவை அந்தியோகியாவில் பவுல் நேருக்கு நேர் எதிர்த்தார். தாவீது ராஜாவிடமே போய் நீதான் குற்றவாளி என்று சொல்ல ஒரு நாத்தான் இருந்தார். எங்கள் வேலையில் இதற்குக் கோட் ரிவ்யூ என்று பெயர். இருபது வருட அனுபவசாலி எழுதினாலும் இன்னொருவர் பார்க்காமல் உள்ளே போகாது. அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை.

தோமா ஆதாரம் கேட்டார். இயேசு அவரை வெளியே அனுப்பவில்லை. கையையும் விலாவையும் காட்டினார். காணாமலே நம்புகிறவர்களைப் பற்றி அப்போது அவர் சொன்ன பாராட்டு, உயிர்த்தெழுந்தவரை நம்புவதைப் பற்றியது. மேடையில் மைக் பிடிப்பவர்களுக்கு அது பொருந்தாது.

அதனால் யாரை முன்மாதிரியாக வைக்கலாம் என்று இளையவர்கள் கேட்டால், பேச்சைக் கேட்டு முடிவு பண்ணாதீங்க என்கிறேன். அவரிடம் ‘இது தப்பு’ என்று சொல்லக்கூடியவர் யார்? கணக்கை யார் பார்க்கிறார்கள்? அவரிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் அவரை எப்படிப் பார்க்கிறார்கள்? இதைக் கேட்டதும் கோபப்படுகிறாரா, உட்காரச் சொல்லிப் பதில் சொல்கிறாரா? அநேகமாக உட்காரச் சொல்கிறவர் பெரிய பேச்சாளராக இருக்கமாட்டார். பரவாயில்லை.