காபி கிடையாது, சினிமா கிடையாது, நீச்சல் கிடையாது... 18 வயதில் 'பெரியவர்' ஆகும் மார்மன் பிள்ளைகளின் ஒரு வாரம்!

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சாலையில் போனால் வேங்கிக்கால். கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்கப் போகிறவர்கள், டீக்கடை பெஞ்சுகள், ஷேர் ஆட்டோக்கள், கொஞ்சம் தள்ளி ஏரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தெரியும். பௌர்ணமி வந்துவிட்டால் ஊரே 14 கிலோமீட்டர் நடக்கக் கிளம்பிவிடும்.

கடவுளுக்காக வீட்டை விட்டு வந்தவர்களைப் பார்த்துப் பழகிய பூமி இது. 1896 ஆகஸ்ட் 29. அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, 'தேட வேண்டாம்' என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு மதுரையிலிருந்து கிளம்பினான் 16 வயது வேங்கடராமன். செப்டம்பர் 1-ம் தேதி அண்ணாமலையில் வந்து இறங்கினான். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அழைத்தது. அம்மா அழகம்மாளுக்கோ அவர் பெற்ற பிள்ளை மட்டும்தான். 1898 டிசம்பரில் பவழக்குன்றுக்கு வந்து, 'வீட்டுக்கு வந்துடுப்பா' என்று நாள்கணக்கில் அழுதார் அவர். பிள்ளை வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு காகிதத்தில் பதில் எழுதிக் கொடுத்தார். வராதது வராது, நடப்பது நடக்கும் என்ற பொருளில் இருந்தது பதில். அம்மா அவர் இல்லாமலேயே திரும்பினார்.

இந்த ஊருக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களில் பெரும்பாலோர் தேடி வருகிறவர்கள். இன்னொரு வகை உண்டு, சொல்ல வருகிறவர்கள். டேனிஷ் மிஷன் பள்ளியின் பெயரிலேயே அந்த வரலாறு இருக்கிறது. அப்படிச் 'சொல்ல'ப் புறப்படுகிறவர்களில் உலகத்திலேயே அதிகம் இளவயதுக்காரர்களை அனுப்புவது ஒரு சபை. மார்மன்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை' என்று முழுப்பெயரால் அழைக்கப்படுவதைத்தான் அவர்கள் விரும்புகிறார்கள். 1830-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. தலைமையகம் யூட்டா மாகாணத்தின் சால்ட் லேக் சிட்டி. பைபிளோடு 'மார்மன் நூல்' என்ற இன்னொரு வேதத்தையும் ஏற்பவர்கள் என்பதால், மற்ற கிறிஸ்தவ சபைகள் பலவும் இவர்களைத் தம்மோடு சேர்ப்பதில்லை.

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்பு பேட்ஜ். எப்போதும் இரண்டு இரண்டு பேர். ஆண்களுக்கு 18 வயதானால் போதும், 2 ஆண்டு ஊழியத்துக்கு விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கு ஒன்றரை ஆண்டு. எந்த ஊர் வேண்டும் என்று கேட்க முடியாது, தலைமையகம் சொல்லும் இடத்துக்குப் போக வேண்டும். சம்பளம் கிடையாது. முடிந்த குடும்பங்கள் செலவுக்கும் பணம் கட்டுகின்றன. இன்று உலகம் முழுக்க 70,000-க்கும் மேற்பட்டவர்கள் இப்படிச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

பேட்ஜில் முதல் பெயர் இருக்காது. ஆண் பிள்ளை என்றால் 'எல்டர்', அதாவது பெரியவர். கூடவே குடும்பப் பெயர். மீசை சரியாக முளைக்காத பையனை ஊரே 'பெரியவரே' என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? வீட்டில் 'கண்ணா', 'தம்பி' என்று கூப்பிட்ட பெயரெல்லாம் 2 ஆண்டுக்கு மூட்டை கட்டி வைக்கப்படும்.

வாரம் எப்படிப் போகும்? வழக்கமான அட்டவணைப்படி காலை 6:30-க்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, குளியல், பிரார்த்தனை, பிறகு வேதப் படிப்பு. புது மொழி பேசும் ஊர் என்றால் மொழிப் படிப்பும் சேரும். பிறகு தெரு. இரவு 9, 9:30-க்குள் அறைக்குத் திரும்பி, 10:30-க்கு விளக்கை அணைக்க வேண்டும். டி.வி., சினிமா கிடையாது. காதல் பேச்சுக்கே இடமில்லை. ஏரியைப் பார்த்தாலும் குதிக்க முடியாது, ஊழியக் காலத்தில் நீச்சலுக்குத் தடை!

இதையெல்லாம்விடக் கஷ்டமானது ஜோடி விதி. 'கம்பானியன்' என்று ஒருவரை ஒதுக்குவார்கள். குளியலறை போன்ற நேரம் தவிர, அவர் கண்ணில் படும் தூரத்திலேயே இருக்க வேண்டும். இவர் தேர்ந்தெடுத்த நண்பர் இல்லை அவர். குறட்டை விடுபவராக இருக்கலாம், கோபக்காரராக இருக்கலாம். பொதுவாக 6 வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றப் பட்டியல் வரும். பிடிக்காத துணை என்றால் பட்டியலுக்காக நாளை எண்ணுவார்கள். பிடித்துப்போன துணை என்றாலும் எண்ணத்தான் செய்வார்கள், வேறு காரணத்துக்காக. கல்யாணமான புதிதில் கூட்டுக்குடும்பத்துக்குள் நுழைந்த எந்தப் பெண்ணுக்கும் இந்த நிலைமையை விளக்கத் தேவையில்லை.

தமிழ்நாட்டில் ஒரு மார்மன் பிள்ளைக்கு நிஜமான சோதனை வாசலில் காத்திருக்கிறது. வீட்டுக்குள் உட்கார வைத்த அடுத்த நிமிடம் அம்மா கேட்பது, 'காபியா, டீயா?' இரண்டுமே கூடாது. 1833-ல் ஜோசப் ஸ்மித் அளித்த 'ஞான வார்த்தை' என்ற விதி மது, புகையிலையோடு 'சூடான பானங்களை'யும் விலக்குகிறது. அப்படியென்றால் காபியும் டீயும்தான் என்பது சபையின் விளக்கம். டிகிரி காபியை டபராவில் ஆற்றி நீட்டும்போது 'வேண்டாம்மா' என்று சொல்வது நம் ஊரில் சாதாரண விஷயமா என்ன? 'எங்க வீட்டுல குடிக்க மாட்டியா?' என்ற கேள்விக்குப் பின்னால் எத்தனை பழைய காயங்கள் இருக்கின்றன! நல்லவேளை, சூடு என்பதற்காக எல்லாமே தடை இல்லை. சுக்கு மல்லி குடிக்கலாம், பால் குடிக்கலாம். 'ஒரு டம்ளர் மோர் போதும்' என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவது புத்திசாலித்தனம்.

மதராஸுக்கு முதல் மார்மன் ஊழியர்கள் வந்தது 1853-ல். ஸ்காட்லாந்தில் பிறந்த ரிச்சர்ட் பேலன்டைன் அவர்களில் ஒருவர். சால்ட் லேக்கில் தன் வீட்டில் சபையின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். மனைவி, பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டு, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கப்பலேறி, கல்கத்தா வழியாக மதராஸ் வந்தார். துண்டுப் பிரசுரம், மாதப் பத்திரிகை, கூட்டம் என்று என்னென்னவோ செய்து பார்த்தார். ஆனால் 1852-ல், இவர்கள் புறப்பட்ட அதே சமயத்தில்தான் பலதார மணம் தங்கள் கொள்கை என்று சபை பகிரங்கமாக அறிவித்திருந்தது. அந்தச் செய்தி இவர்களுக்கு முன்பே ஊருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. (1890-ல் சபை அதைக் கைவிட்டது.) செவிகொடுத்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. மறு ஆண்டே பேலன்டைன் கப்பலேறினார். வந்த தூரத்தையும் கிடைத்த பலனையும் கணக்குப் பார்த்தால் மனசு கனக்கிறது.

அடுத்து நூறு ஆண்டுகள் அநேகமாக மௌனம். பிறகு நடந்தது தலைகீழ். 1954-ல் கோவைப் பக்கம் சிமென்ட் ஆலையில் வேலை பார்த்த பால் திருத்துவதாஸ் கண்ணில் இந்தச் சபையின் பழைய பிரசுரம் ஒன்று பட்டது. யாரும் அவர் கதவைத் தட்டவில்லை. அவரே சால்ட் லேக்குக்குக் கடிதம் எழுதினார். ஞானஸ்நானம் கொடுக்க இங்கே ஆள் இல்லாததால் 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 11 ஆண்டுகள்! ஊழியர்கள் தேடி வந்தபோது ஊர் கேட்கவில்லை, கேட்க ஒருவர் தயாரானபோது ஊழியர் இல்லை. 1982-ல் மார்மன் நூலின் சில பகுதிகள் தமிழிலும் வெளிவந்தன. 1993-ல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தனி மிஷன் உருவானது. இன்று இந்தியா முழுக்க இவர்கள் 15,000 பேர் அளவில் இருக்கிறார்கள். நம் ஜனத்தொகையில் இது ஒரு சொட்டு. பேட்ஜ் குத்திக்கொண்டு கிளம்புகிறவர்களில் இந்தியப் பிள்ளைகளும் உண்டு.

'மதம் பரப்ப வருகிறார்கள்' என்ற கோபம் இங்கே புதிதல்ல, அதை ஒதுக்கிவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு தருகிறது. ஆனால் அடுத்தவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. மதப் பணிக்கு வரும் வெளிநாட்டவருக்குத் தனி விசா விதிகள் இருக்கின்றன. கேட்பவருக்கு மறுக்கும் உரிமை உண்டு, எரிச்சல்படவும் உரிமை உண்டு. அந்த எரிச்சலை நேருக்கு நேர் வாங்கிக்கொள்பவர் சால்ட் லேக்கில் இருக்கும் தலைவர் அல்ல. வாசலில் நிற்கும் 18 வயதுக்காரர்தான். இரண்டு ஆண்டும் முடிந்து ஒருவர்கூடச் சபையில் சேராமல் திரும்புகிறவர்களும் உண்டு. பாதியில் மனசு உடைந்து ஊர் திரும்பினால், சொந்தச் சபையிலேயே சிலர் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை 2 மணி நேர ஆராதனை. திராட்சை ரசத்துக்குப் பதில் தண்ணீர். வழக்கமாக மாதத்தின் முதல் ஞாயிறு விரதம். இரண்டு வேளைச் சாப்பாட்டை விட்டு, அதற்கான பணத்தை ஏழைகளுக்காகக் கொடுத்துவிட வேண்டும்.

எல்லோரும் காத்திருப்பது 'பி-டே' என்ற ஆயத்த நாளுக்காக. பெரும்பாலும் திங்கட்கிழமை. துணி துவைப்பது, காய்கறி வாங்குவது, முடி வெட்டிக்கொள்வது, ஷூவுக்குத் தையல் போடுவது எல்லாம் அன்றைக்குத்தான். அதோடு, வீட்டுக்கு போன். 2019 பிப்ரவரிக்கு முன்பு ஆண்டுக்கு இரண்டே முறைதான் வீட்டோடு பேசலாம். கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று. மீதி நாளெல்லாம் கடிதமும் இ-மெயிலும். இரண்டு ஆண்டில் நான்கு அழைப்பு! தன் பிள்ளையின் குரல் உடைந்து மாறியதை அந்த அம்மாக்கள் தவணை முறையில்தான் கேட்டிருப்பார்கள். இப்போது வாரம் ஒருமுறை வீடியோ காலில் முகம் பார்க்கலாம்.

அழகம்மாளுக்கு அந்த வசதி இல்லை. 1916-ல் அவர் மறுபடியும் அண்ணாமலைக்கே வந்தார். இந்த முறை பிள்ளையைக் கூப்பிடவில்லை, பிள்ளையோடு தங்கிவிட்டார். 1922-ல் உயிர் பிரியும்வரை மகனின் கை அவர்மேல் இருந்தது.

எந்த நாட்டில், எந்த மொழியில் பேசினாலும் திங்கட்கிழமை காலில் அம்மாக்கள் கேட்பது அநேகமாக ஒரே கேள்வியாகத்தான் இருக்கும், 'சாப்பிட்டியா? ஏன் இளைச்சுட்டே?' பிள்ளை இல்லை என்று சொல்லும். பக்கத்தில் கம்பானியன் காது கேட்கும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் முறை அடுத்து. கொடியில் வெள்ளைச் சட்டைகள் காய்ந்துகொண்டிருக்கும். மாலை 6 மணியோடு விடுமுறை முடிகிறது. டையைக் கட்டிக்கொண்டு, பேட்ஜைக் குத்திக்கொண்டு, இரண்டு 'பெரியவர்'களும் மறுபடி தெருவில் இறங்க வேண்டும்.