எங்கள் வீட்டுப் பெகோனியா

பூ என்றதும் நம் நினைவுக்கு வருபவை மல்லிகையும் சாமந்தியும்தான். ஒன்று தலைக்கு, மற்றொன்று மாலைக்கு. பெகோனியா இரண்டுக்கும் ஆகாது. அதற்கு மணமில்லை. காம்பு நீர் நிறைந்து எளிதில் ஒடிவதால் நாரில் தொடுக்கவும் வராது. ஆனாலும் சாமளாபுரத்தில் எங்கள் வீட்டுக் கிழக்கு ஜன்னலோரம், ஒரு மண்தொட்டியில், அது செக்கச் சிவந்து பூத்து நிற்கிறது. அக்கா தங்கை நாங்கள் இருவரும் அதை வளர்த்து வரும் விதத்தைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

எங்கள் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கம்பெனியில் ஊட்டிக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றார்கள். 1848இல் மக்கைவர் என்பவர் உருவாக்கிய தாவரவியல் பூங்காவைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில், சாலையோரக் கடையில் அம்மா இந்தச் செடியை வாங்கினார்கள். எங்களுக்குத் தெரிந்து அம்மா தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய பொருள் இது ஒன்றுதான். ஆகவே இது பட்டுப்போகக் கூடாது என்று நாங்கள் இருவரும் உறுதி கொண்டோம்.

"மலைச் செடி நம்மூரு வெயிலுக்குத் தாங்குமா?" என்று பலரும் கேட்டார்கள். பெகோனியாக்களில் 2,000க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. கிழங்கிலிருந்து முளைத்துப் பெரிய பூப் பூக்கும் வகைக்குத்தான் குளிர் மிகவும் தேவை. எங்களிடம் இருப்பதோ, மெழுகு பூசியதுபோல் இலை பளபளக்கும் சிறுபூ வகை. தென் அமெரிக்காவின் வெப்ப நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரப் பாறைகளிலும் காட்டுப் பெகோனியாக்கள் உண்டு.

இதற்குப் பெயர் சூட்டியவர் ஒரு துறவி என்பது நம் பள்ளிக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பிரான்ஸ் நாட்டு மினிம் சபையைச் சேர்ந்த சார்லஸ் ப்ளூமியே (1646–1704) மேற்கிந்தியத் தீவுகளில் செடிகளை ஆராய்ந்தவர். தமக்கு உதவிய மிஷேல் பெகோன் என்ற அதிகாரியின் பெயரையே இச்செடிக்கு இட்டார்.

இனி வளர்ப்பு முறை. காலை இளவெயில் போதும். உச்சி வெயில் இலையைக் கருக்கிவிடும். செம்மண், மணல், மக்கிய இலைஉரம் மூன்றையும் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நட வேண்டும். மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதிகம் ஊற்றினால் தண்டு அழுகும். இலைமேல் ஈரம் தங்கினால் சாம்பல் பூத்தாற்போல் நோய் வரும். பக்கத்துத் தறிக்குடோனிலிருந்து வரும் பஞ்சுத் தூசியை ஈரத் துணியால் மெல்லத் துடைத்து, உடனே உலர விடுகிறோம். ஆடிக் காற்றில் ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தி வைக்கிறோம்.

தண்ணீர்தான் பெரிய கேள்வியாயிற்று. எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் தொட்டியில் வெள்ளை படியும், இலை ஓரம் காயும். நல்ல தண்ணீரோ சில நாட்களுக்கு ஒருமுறைதான் வரும். பக்கத்து வீட்டு அத்தை ஒருநாள், "ஏங் கண்ணு, இதுல என்ன வரும்படி? ஒரு கருவேப்பிலைக் கன்னு வெச்சாலும் கொழம்புக்கு ஆகுமில்ல?" என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயமே. குடிக்கிற தண்ணீரை அழகுக்குக் கொடுப்பது சரியா என்று நாங்களும் யோசித்தோம். பிறகு ஒரு வழி கண்டோம். புதுத் தண்ணீர் பிடிக்கும் நாளில் குடத்தின் அடியில் மிஞ்சும் பழைய தண்ணீரையும், மழைக்காலத்தில் ஓட்டு இறவாணத்திலிருந்து வடியும் நீரையும் ஒரு வாளியில் சேர்த்து வைத்தோம். ஒரு தொட்டிக்கு ஒரு டம்ளர்தானே வேண்டும்!

வேலை அதிகமுள்ள நாட்களில் அம்மா வீடு திரும்ப இரவு ஒன்பது மணியாகும். நாளெல்லாம் துணியில் ஓட்டையும் கறையும் தேடிச் சிவந்த கண்களோடு வருவார்கள். செருப்பைக் கழற்றியதும் நேரே ஜன்னலுக்குப் போய், "இன்னைக்கு எத்தனை பூத்திருக்கு?" என்று கேட்பார்கள். நாங்கள் எண்ணிச் சொல்வோம். பூவின் பின்னால் மூன்று சிறகுள்ள பச்சைக் காய் இருந்தால் பெண்பூ, இல்லையேல் ஆண்பூ. இரண்டும் ஒரே செடியில் பூக்கும். அதையும் அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தோம். அந்த ஐந்து நிமிடத்தில் அம்மா எதிலும் குற்றம் தேடுவதில்லை. பக்கத்து வீட்டு அத்தை கேட்ட வரும்படி இதுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

சென்ற ஆனியில், நான்கு அங்குல நீளத் தண்டுகளைக் கணுவுக்குக் கீழே நறுக்கி, அடி இலைகளை நீக்கி, ஈர மணலில் ஊன்றினோம். ஒரு மாதத்தில் வேர் பிடித்தது. முதல் கன்றை அந்த அத்தைக்கே கொடுத்தோம். இன்று அவர்கள் வீட்டிலும் குடத்தடித் தண்ணீரைக் கீழே கொட்டுவதில்லை.

வரும் ஆனியிலும் கன்று ஊன்றுவோம். வேண்டுகிற தோழியர் துளையிட்ட சிறு தொட்டியோடு எங்களிடம் வரலாம். வயல்வெளி மலர்களையும் அழகாக உடுத்தும் இறைவன், நம் ஜன்னலோரங்களையும் உடுத்துவாராக!